கசகசா கடத்தல்

பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்ப்போம். பெட்டி மூலையில் அம்மா செருகிவிட்ட குருமா சாமான் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதிலிருக்கும் கசகசா துபாயில் போதைப்பொருள் கணக்கு. சிங்கப்பூரிலும் அதே கதைதான். அங்கே 1992 முதல் சூயிங்கமும் உள்ளே வரக்கூடாது. ஒற்றை சிகரெட்டுக்கும் வரி உண்டு.

நியூசிலாந்து இன்னும் விசேஷம். விமானத்தில் சும்மா கொடுத்த ஆப்பிளைப் பையில் மறந்து இறங்கினால், 400 நியூசிலாந்து டாலர் அபராதம். இருக்கிறதென்று படிவத்தில் எழுதிவிட்டால் ஆப்பிளோடு போயிற்று.

நமக்கு அதிலும் சங்கடம். “சாப்பாட்டுப் பொருள் ஏதாவது?” என்று கேட்டால் தலையை ஒரு மாதிரி ஆட்டுகிறோம். அது ஆமாவா இல்லையா என்று நம் வீட்டிலேயே தெரியாது. பாவம், அந்த அதிகாரி.