முதலைக்கு அரை டிக்கெட்

எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு டூர் போக ஆசைப்படுகிறவர்கள் ஊட்டி, மூணாறு என்றெல்லாம் கனவு காணக் கூடாது. நாங்கள் காணவில்லை. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, திருமுருகன்பூண்டியில் ஓர் இறக்கம், அப்புறம் அவிநாசி, சாயந்திரம் வீடு. போகிற தூரம் பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. எடுத்துக்கொண்ட சாமான் மட்டும் காசி யாத்திரைக்குக் காணும்.

டயப்பர், வெந்நீர் பிளாஸ்க், கஞ்சி மாவு, கிலுகிலுப்பை, நாலு செட் மாற்றுத் துணி, அந்த நாலும் நனைந்தால் இன்னொன்று. மொத்தத்தையும் ஒரே பையில் அடைத்துத் தோளில் மாட்டியபோது எனக்குத் தேவாரம் பாடிய சுந்தரர் ஞாபகம் வந்தது. பக்தியால் அல்ல. இதே ரோட்டில் லக்கேஜால் அவதிப்பட்ட முதல் பிரமுகர் அவர்தான்.

பஸ் கிளம்பியதும் கண்டக்டர் வந்தார். சாதா டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் காசு கிடையாது. ஐந்து வயது வரை குழந்தைக்கும் கிடையாது. ஆக, குடும்பத்தில் காசு கொடுத்துப் பயணம் செய்தவன் நான் ஒருவன்தான். நின்றுகொண்டே பயணம் செய்தவனும் அதே ஆள்தான்.

“ஏனுங்க, பையைக் கெட்டியாப் புடிங்க. ஆளுக மேல இடிக்குது பாருங்க” என்றாள் மனைவி, ஜன்னலோர சீட்டிலிருந்து.

சுந்தரர் என்றதும் நமக்கு நெற்றி நிறைய நீறும், கூப்பிய கையும், ஓதுவார் குரலும்தான் தோன்றும். பெரியபுராணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேறு ஆள் கிடைப்பார். மாப்பிள்ளைக் கோலத்தில் மணப்பந்தலில் இருந்துகொண்டு, கிழவராக வந்த கடவுளைப் பைத்தியக்காரன் என்று திட்டியவர். கல்யாணம் அதோடு நின்றது. திட்டு வாங்கியவர் மட்டும் கடைசி வரை இவரை விடவில்லை!

பணப் பரிமாற்றத்தில் அவர் காட்டிய ஜாக்கிரதை இன்னும் விசேஷம். விருத்தாசலத்தில் கிடைத்த பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் இறங்கித் தேடினார். அந்தக் காலத்து ஆன்லைன் டிரான்ஸ்ஃபர். கைக்குப் பொன் வந்ததும் கண்ணீர் மல்கினாரா? மாற்றுக் குறையாமல் வந்திருக்கிறதா என்று உரசிப் பார்க்கச் சொன்னார். உரசியவர் பிள்ளையார். குறைந்துதான் இருந்தது!

திருவொற்றியூரில் சங்கிலியாரை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது மூத்தவர் பரவையார் கதவைத் திறக்கவில்லை. நியாயம்தானே? சமாதானம் பேச நள்ளிரவில் சிவனையே அனுப்பினார். முதல் தடவை பேச்சுவார்த்தை முறிந்தது. “இன்னொரு நடை போய்ப் பாருங்கள்” என்று திருப்பி அனுப்பினார். தம்பிரான் தோழர் என்பது பட்டம். தம்பிரான் பட்ட பாட்டை யாரும் பட்டமாக வைக்கவில்லை.

இப்படிப்பட்டவர் கொடுங்கோளூர் போய்ச் சேரமான் பெருமாளிடம் விருந்தாடிவிட்டு, கொங்கு நாடு வழியாகத் திரும்பினார். நண்பர் ராஜா, சும்மா அனுப்புவாரா? பொன், மணி, பட்டு எல்லாம் மூட்டை மூட்டையாக ஆட்கள் தலையில். திருமுருகன்பூண்டிப் பக்கம் வந்ததும் வேடர்கள் வளைத்துக்கொண்டார்கள். குத்தினார்கள், மிரட்டினார்கள், மூட்டைகளை உருவிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள்.

வேடர்கள் யார் என்கிறீர்கள்? மாறுவேடத்தில் வந்த பூத கணங்கள். அனுப்பியவர் சிவன். தம் தோழருக்குத் தாம் மட்டும்தான் கொடுக்க வேண்டும், நடுவில் சேரன் யார் என்பது பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் சொல்லும் காரணம். ஸ்பான்சர் ஒப்பந்தம் அவ்வளவு கறார்.

சுந்தரர் போலீஸ் ஸ்டேஷன் தேடவில்லை, நேரே பூண்டிக் கோயிலுக்குப் போனார். கும்பிட்டாரா? பதிகம் பாடினார். பாட்டு முழுக்க ஒரே சேதி: இது மனுஷன் வழிநடக்கிற இடமா, இங்கே வழிப்பறி நடக்கிறது, இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்கய்யா குடியிருக்கிறீர்? இன்றைக்கு இதை ஒன் ஸ்டார் ரிவ்யூ என்போம். ரிவ்யூ வாங்கிய கோயிலோ அதைப் பக்தியோடு ஓதுகிறது. களவைக்கூட வேடுபறி என்று விழாவாகக் கொண்டாடுகிறது.

எனக்கு அந்தப் பதிகத்தில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கும். போனதோ பொன்னும் மணியும். ஐயா எடுத்த எடுப்பில் புலம்புவது என்னவென்றால், துணியைப் பிடுங்குகிறார்கள் என்று. பிற்காலத்தில் உலகத்துக்கே பனியன் தைத்துப் போடப்போகிற ஊருக்குப் பக்கத்தில், ஏட்டில் ஏறிய பழைய சம்பவம் ஆள் மேலிருந்த துணியை உருவியது!

பாட்டு முடிந்ததும் கோயில் வாசலில் மூட்டைகள் குவிந்திருந்தனவாம். அதே வாசலுக்கு வரும் வழியில் இப்போது சிற்பக் கூடங்கள். உளிச்சத்தம் கேட்டதும் என் மகன் அழுகையை நிறுத்தினான். முகம் செதுக்காத பிள்ளையார் ஒருவரை அவன் முறைக்க, திருப்பி முறைக்கக் கண் இல்லாமல் அவர் பாவமாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பஸ் பிடித்து அவிநாசி. தேவாரக் காலத்தில் திருப்புக்கொளியூர். சுந்தரர் இன்னொரு தடவை சேரனைப் பார்க்கப் புறப்பட்டபோது இங்கே ஒரு தெருவில், ஒரு வீட்டில் மங்கல ஓசையும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்டு நின்றார். சில வருஷங்களுக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பையன்களும் ஐந்து வயதில் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பித்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர் குளக்கரைக்குப் போய்ப் பாடினார். முதலையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலிடத்தில் பேசினார்: பிள்ளையைத் திருப்பித் தரும்படி காலனுக்கும் முதலைக்கும் நீர் சொல்லும் என்று சிவனிடமே உத்தரவு. கவுன்ட்டரில் நின்று மன்றாடுகிற ஜாதி இல்லை அவர். நேரே மேனேஜர் ரூம்தான். நாலாவது பாட்டில் முதலை கரைக்கு வந்து பிள்ளையைக் கக்கியது.

கக்கிய பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளை இல்லை. இடையில் போன வருஷங்களுக்கு உண்டான வளர்த்தியோடு வந்தான். ஒரு வருஷம்கூடக் குறையவில்லை. பொன்னில் மாற்றுக் குறைத்தவர் இதில் கைவைக்கவில்லை. அவனுக்கும் பூணூல் போட்டுவிட்டுத்தான் சுந்தரர் கிளம்பினார்.

அவிநாசியில் நின்று இதைச் சொல்லி முடித்தேன். மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“விழுங்கினப்ப அஞ்சு வயசு. பஸ்ஸுல ஃப்ரீ. வெளிய வந்தப்ப அரை டிக்கெட். இத்தனை வருசம் அவன் முதலைக்குள்ள ஓசியாப் போயிருக்கிறானுங்க” என்றாள். பெரியபுராண உரைகள் எதிலும் இந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை.

அவிநாசி அம்மன் கருணாம்பிகையைக் கும்பிட்டுத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. மகனை மடியில் வாங்கினேன். அம்மாவிடம் சாப்பிட்ட கஞ்சி மொத்தத்தையும் என் சட்டையில் கணக்குத் தீர்த்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பூண்டி. பையில் மாற்றுத் துணி இருந்தது, எல்லாம் எட்டு மாதத்து ஆளுக்கான சைஸ்.

சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு ஊர் வந்து, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் காதர்பேட்டைக்குள் நுழைந்தேன். இங்கே வெட்கப்பட ஒன்றுமில்லை. திருப்பூரில் பனியனோடு நிற்பவனை விளம்பரம் என்று நினைப்பார்கள். கல்கத்தா பனியன் கொடிகட்டிப் பறந்த நாளில், 1925-இல் இந்த ஊரின் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கியவர் குலாம் காதர். கம்பெனியின் பெயர் பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ். பேபியால் சட்டையை இழந்து நிற்கிறவனுக்கு அந்தப் பெயரின் அருமை புரியும்.

எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் டி-ஷர்ட்கள் குவியலாகக் கிடந்தன. கோயில் வாசலில் சுந்தரர் மூட்டைகள் இப்படித்தான் கிடந்திருக்கும். “செகண்ட்ஸ்தானுங்க, ஒரு தையல் கோணல், மத்தபடி ஃபாரின் ஐட்டம்” என்றார் கடைக்காரர். அவசரத்தில் ஒன்றை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப்பில் மகனைத் தோளில் சாய்த்ததும் சத்தமில்லாமல் மும்முரமாக எதையோ சப்ப ஆரம்பித்தான். குனிந்து பார்த்தேன். இடது மார்பில் பச்சை நூலில் எம்பிராய்டரி செய்த சின்ன முதலை. வால் மட்டும் அவன் வாய்க்கு வெளியே தெரிந்தது.