காத்திவாக்கத்தில் நெய்தல் திணை: 'ஒண்ணியும் ஆவாது பா' என்னும் சகஊழியரை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஆதி மனிதன் குகையில் வாழ்ந்த காலந்தொட்டு என்று தொடங்குவது ஆய்வுக் கட்டுரைக்கு மரபு. மரபை மீற நமக்குத் தகுதியில்லை. ஆதி மனிதன் குகையில் வாழ்ந்த காலந்தொட்டு, அவன் முதன்முதலாகத் தீ மூட்டியபோது பக்கத்தில் குந்தியிருந்து, "மழ வந்தா அணஞ்சிடும் பா" என்று சொன்னவர் ஒருவர் இருந்திருப்பார். அவர் வழி வந்தோரே ஈண்டு ஆய்வுப் பொருள்.

ஆய்வு எல்லை

கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாற்று முகத்துவாரம், தெற்கே எர்ணாவூர். கால எல்லை: காலை ஆறு மணிச் சங்கு முதல் மறுநாள் காலை ஆறு மணிச் சங்கு வரை. கார் கம்பெனி, அனல் மின்நிலையம், உரக் கம்பெனி என்று தலைமுறை தலைமுறையாக ஷிப்ட் பார்த்த மண் இது. ஆகவே புலம்பலுக்கு இங்கே பரம்பரைச் சொத்துரிமை உண்டு. மூல ஆதாரம் டீக்கடை பெஞ்ச் ஒன்று. இனி அது 'பெஞ்ச்' என்றே சுட்டப்படும்.

முன்னாய்வுகள்

இத்துறையில் முன்னாய்வுகள் குறைவு. 1986இல் ஜூலி நோரம், நான்சி கேண்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். எல்லாம் சொதப்பும் என்று முதலிலேயே எண்ணிக்கொண்டு, அந்தப் பயத்தாலேயே வேலையை ஒழுங்காக முடிப்பவர்கள் சிலர் உண்டு என்பது அக்கருத்து. தற்காப்பு அவநம்பிக்கை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். எங்கள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர்கள் இதை அவர்களுக்கு முன்பே செய்துகாட்டியவர்கள். ஆனால் அவர்கள் வெளியிட்டது பெஞ்சில். பெஞ்சுக்கு ஐ.எஸ்.எஸ்.என். எண் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டி எண் உள்ள இதழில் போட்டிருந்தால் அவர்களில் பாதிப் பேர் இந்நேரம் இணைப் பேராசிரியர்கள்.

திணை நிறுவுதல்

இனிக் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். தலைவன் வராத கடற்கரையில் தலைவி இரங்குவாள் என்று அறிஞர் பெருமக்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அரியர்ஸ் வராத கடற்கரையில் சார்ஜ்மேன் இரங்குவதை ஒருவரும் எழுதவில்லை. வராதது எதுவாயினும் இரங்கல் இரங்கலே (பெஞ்ச், வரி 1).

நெய்தல் நிலத்து ஊர் பாக்கம் என்பது இலக்கணம். காத்திவாக்கத்தின் வாலிலேயே பாக்கம் ஒட்டியிருப்பது நோக்கத்தக்கது. கோடம்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கடல் எங்கே என்று கேட்போருக்கு அடிக்குறிப்பில் விடை தரப்பட்டுள்ளது. அச்சகத்தில் அடிக்குறிப்பு தொலைந்துவிட்டது.

தெய்வம் வருணன். டிசம்பர் மாதங்களில் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டே போகிறான். பறை இருந்த இடத்தில் இப்போது கம்பெனிச் சங்கு. உவர்நீர்க் கேணி இருந்த இடத்தில் கேன் தண்ணீர். மீன்பிடித் தொழில் இன்றும் உண்டு, சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் சாம்பல் கலக்காத நாட்களில் (மேலது, சுவரோரப் பதிப்பு). நெய்தலுக்கு யாழ் விளரி, அது இரங்கலுக்கே உரியது. அதன் இன்றைய வடிவம், நைட் ஷிப்டில் செல்போன் ஸ்பீக்கரில் கேட்கும் மரண கானா என்று துணியலாம் (பெஞ்ச், ஏ ஷிப்ட் சுவடி. பி ஷிப்ட் சுவடியில் இவ்வரி இல்லை. நைட் ஷிப்ட் சுவடி தூக்கத்தில் சிதைந்துள்ளது).

சிறுபொழுதில்தான் சிக்கல். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. அது ஞாயிறு சாயும் நேரமா, எழும் நேரமா என்பதில் உரைகாரர்களுக்குள் தகராறு. இரு தரப்பிலும் பெரும்புலவர்கள் நிற்கிறார்கள். அத்தகராற்றை இக்கட்டுரை இன்றோடு முடித்துவைக்கிறது. ஏ ஷிப்டுக்கு வருபவர் ஞாயிறு எழும்போது புலம்புகிறார். ஜெனரல் ஷிப்ட் முடித்துப் போகிறவர் ஞாயிறு சாயும்போது புலம்புகிறார். இரு தரப்பும் சரி. இத்தனை எளிய முடிவு இவ்வளவு காலம் எட்டாமல் போனதற்குக் காரணம், உரைகாரர்களில் ஒருவரும் கார்டு பஞ்ச் அடித்ததாகச் சான்று இல்லாமையே. இன்றைய பேராசிரியர்களுக்குப் பயோமெட்ரிக் வந்துவிட்டது. இனி ஆய்வுலகம் தெளிவடையும் என்று நம்பலாம் (பட்டர் பிஸ்கட் ஜாடி மூடி, உட்புறம், இரண்டாம் வட்டம். எண்ணெய்க் கறையால் மூன்று எழுத்துகள் படிக்க இயலவில்லை. அவை வசவு என்பது கடைக்காரர் துணிபு, பாராட்டு என்பது எம் துணிபு. கணக்கு பாக்கி இருப்பதால் மூடியைப் படியெடுக்க அனுமதி மறுக்கப்பட்டது).

வகைப்பாடு

ஒப்பீட்டாளர்: கேன்டீன் சாம்பாரை எண்பதுகளின் சாம்பாரோடு ஒப்பிடுபவர்.

பின்னறிவிப்பர்: "நான் அப்பவே சொன்னேன்." இவரைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

கும்பகர்ண வகையினர்: இவர்களுக்குத் தனி நூலே வேண்டும். இலங்கையை ஒரு கம்பெனியாகக் கொண்டால், நிர்வாகத்தின் முடிவு தப்பு என்று சொன்னவர்கள் இருவர். விபீஷணன் சொல்லிவிட்டு எதிர்க் கம்பெனியில் சேர்ந்தான். பின்னாளில் இந்தக் கம்பெனிக்கே எம்.டி. ஆனான். கும்பகர்ணன் இது தோற்கிற வேலை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனான். எங்கள் ஷாப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாமவன் வாரிசுகள். நைட் ஷிப்டில் அவர்களை எழுப்பப் படும் பாடே இந்த மரபுவழிக்குப் போதிய சான்று.

இவ்வகை அண்ணன் ஒருவர் கன்வேயரில் பேரிங் மாட்டும்போது, "இது ரெண்டு நாள் தாங்காது, பாத்துக்கினே இரு" என்பார். சொல்லிக்கொண்டே மற்றவர்கள் துடைக்காத இடத்தையும் துடைப்பார். போல்ட்டை இன்னொரு முறை இறுக்குவார். மாற்றுப் பேரிங் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் தன் டூல் பெட்டிக்குள் வைத்திருப்பார். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நம்புகிற தம்பி ஸ்டோருக்கே போவதில்லை. நள்ளிரவில் கன்வேயர் நின்றால் யார் பெட்டியைத் திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பயிற்சி நூல்கள் இதைப் பார்க்காதது, அவை பகலில் எழுதப்படுவதால் இருக்கலாம்.

ஆய்வுச் சிக்கல்

சகஊழியரின் அவநம்பிக்கையை நோய் என்று நிறுவ வேண்டுமானால் அவர் சொன்னது பலிக்காமல் போக வேண்டும். காத்திவாக்கத்தில் தரவு ஒத்துழைக்கவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. பெரிய இயந்திரங்கள் வரும் என்றார்கள். "பாரு, கட்சீல வாளிதான்" என்றார் எம் தகவலாளரான சகஊழியர். எர்ணாவூர்க் கரையில் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. அதே ஆண்டு மார்ச்சில், 1970 முதல் ஓடிய 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின்நிலையத்தை மூடினார்கள். 660 மெகாவாட் விரிவாக்கம் வருகிறது என்றார்கள். ஒப்பந்தக்காரர் நொடித்து வேலை வருடக்கணக்கில் நின்றது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்தது, காத்திவாக்கம் வரை அல்ல, விம்கோ நகர் வரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்கு எண்ணெயும் வந்தது. "இதோட உட்டா பரவால்ல" என்றார். அந்த மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு உரக் கம்பெனியின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்துச் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளோடு ரோட்டில் ஓடியது.

இந்நிலையில் எதிர்மறையாளருக்கும் வானிலை ஆய்வு மையத்துக்கும் என்ன வேறுபாடு என்று வரையறுப்பது கடினம். மையத்துக்குச் சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் ரேடார் இருக்கிறது. இவருக்கு பெஞ்ச் இருக்கிறது. பெஞ்ச் பழுதாவதில்லை.

கையாளும் முறைகள்

எங்கள் கம்பெனியில் ஒருமுறை மனப்பாங்குப் பயிற்சி நடந்தது. கோட் போட்ட பயிற்சியாளர் பாதித் தண்ணீர் ஊற்றிய கிளாஸை மேசைமேல் வைத்து, பாதி நிறைந்ததா, பாதி காலியா என்று கேட்டார். எம் தகவலாளர் எழுந்து, "சார், மொதல்ல அது குடிக்கிற தண்ணியா?" என்றார். பயிற்சி அத்தோடு டீ இடைவேளைக்கு விடப்பட்டது. பயிற்சியாளர் கடைசி வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்பதும் பதிவாகியுள்ளது (பெஞ்ச், பின்னிணைப்பு).

எதிர்த்து வாதாடுதல் பயனற்றது. அவரிடம் தேதியோடு தரவு இருக்கிறது. ஒதுங்கிப் போகலாம் என்றால், கன்வேயர் ஒன்றுதான். களத்தில் பலித்த முறை ஒன்றே ஒன்று. அதற்கு முந்துபுலம்பல் என்று பெயரிடுகிறேன். அவர் வாயைத் திறக்குமுன் நாம் தொடங்கிவிட வேண்டும். "அண்ணா, இந்த வருசம் போனஸ் கெடையாதாம். கம்பெனியே குஜராத் போவுதாம். ரயில்கூட இனிமே காத்திவாக்கத்துல நிக்காதாம்." மூன்றாவது வாக்கியத்தில் அவர் முகம் மாறும். இரங்கல் அவருடைய பட்டா நிலம். அதில் நாம் வேலி போடுவதை அவர் பொறுக்கமாட்டார். "ஏய், அப்டியெல்லாம் ஒண்ணியும் ஆவாது பா, நீ டீயக் குடி" என்பார். சொல் அதேதான், தொண்ணூறு பாகைக்கு மேல் திரும்பி நிற்கிறது. டீக்குக் காசும் அவரே கொடுப்பார். இந்நிகழ்வு மூன்று ஷிப்டிலும் சரிபார்க்கப்பட்டது. நான்காவது முறை அவர் கண்டுபிடித்துவிடுவார், கவனம்.

மேலாய்வுக்கான களம்

எதிர்மறையாளரைப் பற்றி இத்தனை எழுதும் ஆய்வுலகம், விடியற்காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் சூரியோதயப் படம் அனுப்பி, 'இன்றைய நாள் உங்கள் நாள்' என்று எழுதும் இன்னொரு சகஊழியரைத் தொடவேயில்லை. அவர் நெய்தலில் அடங்கமாட்டார். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. அவருக்கும் தனி ஷாப் கிடையாது, எங்கும் தோன்றுவார். பாலைக்குச் சிறுபொழுது நண்பகல். அவர் தட்டோடு வந்து சேர்வது சரியாகக் கேன்டீன் சாப்பாட்டு நேரத்தில். பாலைக்கு உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும். அவர் உட்கார்ந்ததும் மேசை காலியாகிவிடுகிறது (கேன்டீன், ஜன்னலோர மேசை, ரசம் சிந்திய பகுதி. உடனிருந்து பார்த்துச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை).