எரிந்தால் நாற்காலி போடு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஓர் ஆசாரம் உண்டு. முதலில் ஊர் எரிய வேண்டும். பிறகு பிணங்களை எண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் மனித உறவுகள் ஆணையம் பிறக்கும். இந்த வரிசை மட்டும் மாறுவதே இல்லை. எரியாத நாளில் யாராவது போய் "எங்கள் தெருவில் போலீஸ் அத்துமீறுகிறது, எங்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு தருவதில்லை" என்று சொன்னால் நகர நிர்வாகத்துக்குக் காது கேட்காது. மூக்கில் புகை ஏறினால்தான் அந்தக் காது திறக்கும். திறந்த உடனே ஒரு நீளமான மேசை, பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், ஆளுக்கொரு பெயர்ப் பலகை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சமூகத்துக்காகத் தெருவில் நின்று கத்தியவர்களைத் தேடிப் பிடித்து அதில் உட்கார வைப்பார்கள். நிற்கிறவர் குரலைவிட உட்கார்ந்தவர் குரல் கொஞ்சம் தணிவாகத்தானே வரும்? அவ்வளவுதான் சூட்சுமம்.

முதல் பிரசவ வலி 1943இல் வந்தது. அந்த ஜூன் மாதம் கடற்படைச் சிப்பாய்கள் தடிகளோடு தெருத் தெருவாகப் போய், 'சூட் சூட்' எனப்பட்ட தொளதொள உடை அணிந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன்களை இழுத்துப் போட்டு அடித்தார்கள். உடைகளைக் கிழித்து எறிந்தார்கள். பின்னாலேயே வந்த போலீஸ், அடிபட்டுக் கிடந்தவர்களைக் கைது செய்தது. நகர மன்றம் கூடி ஆழ்ந்து யோசித்து, அந்த உடையைத் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான்: கால்சட்டை! அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் ஆளும் கவுண்டி நிர்வாகம், இனங்களுக்கிடையே முன்னேற்றம் காண ஒரு குழுவை அமைத்தது. 1958இல் அது மனித உறவுகள் ஆணையம் ஆனது.

ஆணையம் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று யாராவது அன்று பெருமூச்சு விட்டிருந்தால், ஏழே ஆண்டுகளில் அவர் கறுப்பினத்தவர் வாழ்ந்த வாட்ஸ் பகுதி எரிவதைப் பார்த்திருப்பார்.

அதற்கு முன்னால் ஒரு சிறு முன்கதை. வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் இனம் பார்க்கக் கூடாது என்று 1963இல் கலிபோர்னியா சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. 1964 நவம்பரில் வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், 'முன்மொழிவு 14' என்ற ஒன்றுக்கு ஆதரவாக வாக்களித்து அந்தச் சட்டத்தைக் குப்பையில் போட்டார்கள். 'உன் பக்கத்து வீட்டில் குடியிருக்க மாட்டேன்' என்பதை இத்தனை ஜனநாயகமாகச் சொன்ன ஊர் அதிகம் இருக்காது. ஒன்பது மாதம் கழித்து, 1965 ஆகஸ்ட் 11 அன்று, குடித்துவிட்டு ஓட்டியதாக ஒரு கறுப்பின இளைஞரை நெடுஞ்சாலைப் போலீஸ் நிறுத்தியது. கூட்டம் கூடியது, கல் பறந்தது.

மறுநாள் நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்த ஒரு பகல்பொழுதிலேயே மொத்தக் கதையும் இருக்கிறது. ஆகஸ்ட் 12 பிற்பகல், கவுண்டி மனித உறவுகள் ஆணையம் கலவர இடத்துக்குப் பக்கத்திலேயே ஏதென்ஸ் பூங்காவில் மக்கள் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் ஜான் பக்ஸ் வந்தார். போதகர்களும் அமைப்பாளர்களும் தாய்மார்களும் வந்தார்கள். குறைகளைச் சொன்னார்கள், அமைதியாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு பையன் மைக்கைப் பிடித்து, இன்றிரவு வெள்ளையர் பகுதிக்குள் புகுவோம் என்று கத்தினான். தொலைக்காட்சிகள் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு அந்தப் பையனையே சாயங்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டின. உறவு வளர்க்கும் திருப்பணியில் ஊடகத்தின் பங்கு அது.

கூட்டம் முடிந்ததும் ஆணையத்தோடு நின்றவர்கள் ஒரு யோசனையைக் காவல் துறையிடம் கொண்டுபோனார்கள். சீருடை அணிந்த வெள்ளைக் காவலர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். கறுப்பினக் காவலர்களைச் சாதாரண உடையில், அடையாளமில்லாத கார்களில் அனுப்புங்கள். கேட்டது அவ்வளவுதான். ஓர் உயர் போலீஸ் அதிகாரி, இது நாங்கள் சோதித்துப் பார்த்த முறை இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்த நிமிடம் வரை வாட்ஸில் ஒருவர்கூடச் சாகவில்லை. முதல் உயிர் போனது மறுநாள் மாலை. போலீசுக்கும் கலவரக்காரர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட, வேடிக்கை பார்க்க வந்த ஒருவர். பிறகு நேஷனல் கார்டு படையினர் ஏறத்தாழ 14,000 பேர் வந்தார்கள். சோதித்துப் பார்த்த முறைப்படி 34 பேர் செத்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், ஏறத்தாழ 4,000 பேர் கைதானார்கள். மரண விசாரணை நடத்தியவர்கள் அந்த 34இல் 26 சாவுகளை நியாயமான கொலை என்று தீர்த்தார்கள்.

ஆக, ஆணையம் ஒன்று இருந்தது, வேளை பார்த்து வந்தது, யோசனையும் சொன்னது. "ஆகட்டும்" என்று சொல்லும் கடமை மட்டும் யாருக்கும் இல்லை. இதிலிருந்து நகரம் கற்ற பாடம் என்ன தெரியுமா? ஓர் ஆணையம் போதவில்லை, நமக்கென்று தனியாக இன்னொன்று வேண்டும்! 1966இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மனித உறவுகள் ஆணையம் உதயமானது. ஒருவர் பேச்சைக் கேட்காமல் விட்டதற்குப் பரிகாரம், கேட்காமல் விடுவதற்கு இன்னும் சிலரை நியமிப்பது.

வாட்ஸ் மக்கள் ஏன் கோபப்பட்டார்கள் என்று கண்டறியவும் ஒரு விசாரணைக் குழு வேண்டுமே. ஆளுநர் பாட் பிரவுன் அதற்குத் தலைவராகத் தேடிப் பிடித்தவர், எஃகுத் தொழிலதிபராக இருந்து பின்னர் சிஐஏ தலைவராக விளங்கிய ஜான் மெக்கோன். ஏழைகளின் மனத்தை ஒற்றறிய அவரைவிடத் தகுந்தவர் கிடைப்பாரா? டிசம்பரில் நூறு பக்கம்போல ஓர் அறிக்கை வந்தது. போலீசை விசாரிக்கப் பொதுமக்கள் குழு வேண்டும் என்ற கோரிக்கையை அது நிராகரித்தது. அந்த வட்டாரத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்றது. அது 1972இல் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் திறக்கப்பட்டது. 2007இல் மூடப்பட்டு, 2015இல்தான் வேறு உருவில் மறுபடி திறந்தது. நிறைவேறிய பரிந்துரையின் ஆயுளே இதுதான் என்றால் நிறைவேறாதவற்றைப் பற்றி என்ன சொல்ல?

இப்போது அந்த நாற்காலியில் உட்காருகிறவரைக் கொஞ்சம் பார்ப்போம். அவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் ஊரிலேயே நல்லவர்களில் ஒருவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குத் துணையாகக் காவல் நிலையத்தில் இரவெல்லாம் நின்றவர், வாடகைக்காரர்களைத் திரட்டியவர். அவரை மேயர் பரிந்துரைப்பார், நகர மன்றம் ஆமோதிக்கும், புகைப்படம் எடுப்பார்கள். அன்றிலிருந்து அவர் ஆலோசனை சொல்லலாம். ஒரு கான்ஸ்டபிளைக்கூட ஏன் என்று கேட்டு உத்தரவு போட முடியாது. பகல் வேலையை முடித்துவிட்டு, நெரிசலில் கார் ஓட்டி வருவார். கோரம் சேரவில்லை என்றால் திரும்பிப் போவார். சேர்ந்துவிட்டால், ஒரு கலாச்சார மாதத்துக்கு வாழ்த்து, ஓர் உரையாடல் வாரத்துக்கு ஆதரவு, போன கூட்டத்தின் குறிப்புகளுக்கு ஒப்புதல்.

பொதுமக்கள் பேசுவதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்: ஆளுக்கு இரண்டு நிமிடம், கூட்டம் அதிகமானால் ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதற்குள் அழுது முடித்தாக வேண்டும். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. நிகழ்ச்சி நிரலில் அச்சாகாத எதையும் உறுப்பினர்கள் விவாதிக்கக் கூடாது என்று, 1953இல் பிறந்த கலிபோர்னியாவின் பிரவுன் சட்டம் சொல்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் பேரம் நடக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த சட்டம்தான். ஆனால் அவள் மகனின் சாவு 72 மணி நேரத்துக்கு முன்பே நிரலில் ஏறியிருக்காது. எனவே உறுப்பினர் தலையசைப்பார், நன்றி சொல்வார், அடுத்தவரை அழைப்பார். நேற்று அவளோடு தெருவில் நின்றவர் இன்று அவளுக்கும் அதிகாரத்துக்கும் நடுவே மேசையாகிவிட்டார். மேயரிடம் யாராவது கோபமாகப் போனால் பதில் தயார்: "உங்கள் ஆள்தானே அங்கே இருக்கிறார், அவரிடம் சொல்லுங்கள்."

இத்தனைக்கும் இந்த நல்லவர்கள் உழைக்காமல் இல்லை. 1986இல் கவுண்டி ஆணையத்தின் ஆதரவில் கறுப்பினத்தவரும் கொரியர்களும் சேர்ந்து ஒரு கூட்டணியை உருவாக்கினார்கள். கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே முறுகல் முற்றியிருந்த காலம். போதகர்கள், வியாபாரிகள், தொண்டர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். ஆனால் அந்த வட்டாரத்தைக் கைவிட்டுப் போன பெரிய கடைகளை அவர்களால் திரும்ப அழைக்க முடியாது. வங்கியைக் கடன் கொடுக்க வைக்க முடியாது. நீதிபதியின் பேனாவையும் பிடிக்க முடியாது. 1991 மார்ச்சில் ஒரு கடையில், ஆரஞ்சுச் சாறு பாட்டில் ஒன்றுக்காக எழுந்த தகராறில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமி லதாஷா ஹார்லின்ஸ், கொரியக் கடைக்காரரால் பின்தலையில் சுடப்பட்டுச் செத்தாள். சாற்றின் விலை 1.79 டாலர். சுட்டவரை ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். நீதிபதி விதித்தது நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 500 டாலர் அபராதம். இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு, "வாருங்கள், பரஸ்பரம் புரிந்துகொள்வோம்" என்று எந்த முகத்தோடு கூட்டம் கூட்டுவது? 1992 முடிவதற்குள் அந்தக் கூட்டணி கலைந்தது. அதற்குள் நகரம் மறுபடி எரிந்து முடிந்திருந்தது.

1992 ஏப்ரல் 29. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் விடுதலையான அந்த மாலை, காவல் துறைத் தலைவர் டேரில் கேட்ஸ் எங்கே இருந்தார்? போலீஸ் சீர்திருத்தத்துக்காக வாக்கெடுப்புக்கு வரவிருந்த 'எஃப்' திருத்தத்தைத் தோற்கடிக்க, பிரென்ட்வுட் என்ற பணக்காரப் பகுதியில் நடந்த நிதி திரட்டும் விருந்துக்குப் போயிருந்தார். ஊர் எரிய, அதை எரிய விடாமல் தடுத்திருக்கக்கூடிய சட்டத்துக்கு எதிராகக் காசு சேர்ந்துகொண்டிருந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். போலீஸ் எங்கே தவறியது என்று ஆராய யாரை அழைத்தார்கள் தெரியுமா? வில்லியம் வெப்ஸ்டரை. முன்னாள் எஃப்பிஐ தலைவர், முன்னாள் சிஐஏ தலைவரும்கூட. சம்பிரதாயம் என்றால் சம்பிரதாயம்.

உளவியலாளர் கென்னத் கிளார்க் 1967இல், நாட்டின் கலவரங்களை ஆராய அமைத்த கெர்னர் குழுவின் முன் சாட்சி சொன்னார்: 1919 சிகாகோ கலவர அறிக்கையைப் படித்தால் 1935 ஹார்லெம் அறிக்கையைப் படிப்பதுபோல் இருக்கிறது, அதே ஹார்லெமின் 1943 அறிக்கையும் அப்படியே, வாட்ஸ் அறிக்கையும் அப்படியே, அதே ஆய்வு, அதே பரிந்துரை, அதே செயலின்மை. கெர்னர் குழு அதையும் மரியாதையாகத் தன் அறிக்கையில் அச்சிட்டுக்கொண்டது.

அறிக்கைகள் மாறலாம், ஆணையங்கள் பெருகலாம். ஒன்று மட்டும் மாறவில்லை. 1965இல் காவல் துறைத் தலைவர் வில்லியம் பார்க்கர், கல்லெறிந்தவர்களை மிருகக்காட்சிசாலைக் குரங்குகளோடு ஒப்பிட்டார். 1991இல், ராட்னி கிங்கை அடிப்பதற்குச் சற்று முன்பு, அதே காவலர்களில் ஒருவர் ஒரு கறுப்பினக் குடும்பத் தகராறைக் கொரில்லாக்களோடு சேர்த்துக் கணினிச் செய்தியில் நக்கலடித்தார். 2022 அக்டோபரில் கசிந்த ஒலிப்பதிவில் நகர மன்றத் தலைவர் நூரி மார்ட்டினெஸ், சக உறுப்பினரின் கறுப்பினக் குழந்தையைக் குரங்குக் குட்டி என்றார். பூர்வகுடி மெக்சிகோ மக்களையும் இழிவாகப் பேசினார். பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் இரண்டு மன்ற உறுப்பினர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும். மார்ட்டினெஸ் பதவி விலகினார். உடன் இருந்த கெவின் டி லியோன் விலக மறுத்து, 2024இல் தோற்கும்வரை உட்கார்ந்தே இருந்தார். மனித உறவுகள் ஆணையத்துக்கு யார் உறுப்பினராகலாம் என்று கைதூக்கி ஆமோதிக்கிற மன்றம் இதுதான். எதிரே இருப்பவனை மனிதன் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள், அவனோடு நல்லுறவு வளர்க்க ஆள் நியமிக்கிறார்கள்!

அந்த ஊரில் ஏதாவது அசைந்தது எப்போது என்றும் சொல்லிவிட வேண்டும். 1992 ஜூனில் மக்கள் வாக்களித்து 'எஃப்' திருத்தத்தை நிறைவேற்றினார்கள். காவல் துறைத் தலைவரின் அசைக்க முடியாத நாற்காலி, ஐந்தாண்டுத் தவணைகள் இரண்டு என்று சுருங்கியது. ராம்பார்ட் காவல் பிரிவின் ஊழல் வெடித்த பிறகு, 2001இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கண்காணிப்பு ஆணை போலீசின் கழுத்தில் ஏறியது. இரண்டிலும் கட்டளை இருந்தது. மீறினால் கேட்க ஆள் இருந்தது. யாரும் யாரையும் புரிந்துகொள்ளும்வரை காத்திருக்கவில்லை.

ஆகவே நாற்காலி போடுகிற புண்ணியவான்களே, போடுவதானால் அதிகாரத்தோடு போடுங்கள். போலீஸ் அதிகாரியைச் சம்மன் அனுப்பி வரவழைக்கும் உரிமை, நகர மன்றம் தலையிட முடியாத பட்ஜெட், ஒவ்வொரு பரிந்துரைக்கும் இத்தனை நாளில் மேயர் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும் என்ற விதி: மூன்றும் இல்லாத ஆணையம் மக்களுக்காக வைத்தது இல்லை, மக்களிடமிருந்து உங்களைக் காத்துக்கொள்ள வைத்தது.

உட்கார்ந்திருக்கும் நல்லவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஏதென்ஸ் பூங்காவில் உங்கள் முன்னோடிகள் சரியாகத்தான் சொன்னார்கள். சரியாகச் சொன்னது 34 பேரில் ஒருவரைக்கூடக் காப்பாற்றவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த மூன்றையும் கேளுங்கள். ஆராய்கிறோம் என்றால், எத்தனை நாளில் என்று கேளுங்கள். நாள் சொல்லவில்லை என்றால் ராஜினாமாவை மேசையில் வைத்துவிட்டு, ஒரே நிமிடம் பேச அனுமதிக்கப்பட்ட அந்தப் பெண்ணோடு வெளியே போங்கள். உங்கள் பெயரைக் காட்டித்தான் அவளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயரையாவது திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.