தூணடியார்

சென்னையில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய நாள் 2015 ஜூன் 29. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை எத்தனை தூண்கள் நின்றனவோ, அத்தனையின் அடியிலும் அன்றே ஓர் அடியார் கூட்டம் உருவாகிவிட்டது. அறுபத்து மூவரில் இடம் கிடைக்காத இவர்களைத் தூணடியார் என்றே அழைக்கிறேன்.

நிலையத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. அதற்குக் காசு கேட்கிறார்கள். அங்கேதான் எனக்குத் தெரிந்த தூணடியார் ஒருவருக்கு ஆவேசம் வரும். “ரயிலுக்கு டிக்கெட் எடுக்கறேன், சரி. வண்டிக்கும் எதுக்குய்யா டிக்கெட்? வண்டியா ரயில்ல ஏறுது?” டோக்கன் தரும் பையன் பதில் பேசாமல் கையிலிருக்கும் மெஷினை நீட்டுவான். இவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு தூணடிக்கே போய்விடுவார்.

தூணடிக்கு எதிரே டீக்கடை. வண்டியை ஒரு கண் பார்த்துக்கொள்ள மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் நன்றாயிருக்காது. ஆகவே தினம் ஒரு டீ, இரண்டு மசால் வடை. பார்க்கிங் கட்டணத்தை அது எப்போதோ தாண்டிவிட்டது. கேட்டால், “அது வயித்துக்குப் போன காசு சார்!” அவருக்கு இப்போது அல்சர் வேறு.

போன மாதம் போலீஸ் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அபராதம் 500. கட்டிவிட்டுச் சிரித்த முகமாகவே வந்தார். “இது எப்பவாச்சும் ஒரு தடவை. அது தினம் தினம் இல்ல?”

எனக்கு வாய் சும்மா இருக்காது. இலவசம் என்றால் காலை எட்டு மணிக்குள் பக்கத்துக் கடைக்காரர்களின் வண்டிகளே இடத்தை அடைத்துக்கொள்ளும், ரயிலேற வருகிறவன் தெருவில்தான் நிற்பான் என்றேன். கார் ஒன்று நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது சுமார் 135 சதுர அடி வேண்டும். நம்மூரில் அந்த அளவு அறையில் இரண்டு பேச்சலர்கள் வாடகை கொடுத்துக் குடித்தனமே நடத்துகிறார்கள் என்றேன். அசையவில்லை. கடைசி அஸ்திரமாக, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப்பை இழுத்தேன். இலவச பார்க்கிங்குக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று 2005-ல் எழுநூறு பக்கத்துக்கு மேல் எழுதியவர்.

“அவர் என்ன வண்டி வச்சிருந்தார்?”

“சைக்கிளில்தான் வேலைக்குப் போவாராம்.”

“அதானே பாத்தேன்! சைக்கிள்காரர்கிட்ட யாரு காசு கேக்கப்போறா?”

எழுநூறு பக்கமும் ஒரே மிதியில் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிப் போர்ஷன் காலியாம், புதுமணத் தம்பதி பார்க்க வந்திருந்தார்கள். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், கரண்ட் எல்லாம் பேசி முடிந்தது. பையன் தயங்கித் தயங்கி, “அங்கிள், வண்டியை போர்ட்டிகோவில விட்டுக்கலாமா?” என்றான்.

“தாராளமா விடுங்க தம்பி. ஸ்கூட்டருக்கு மாசம் ஐந்நூறு, காருன்னா ரெண்டாயிரம்.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? இது என் இடம்!”