எண்ணூர்ல எண்ண முடியாத பேரு

வா நைனா, குந்து. கையில இங்கிலீஷ் கிராமர் புக்கோட உன்னப் பாக்க ஷோக்கா கீது. மெட்ரோ ஏறி டவுனுக்குப் போயி, துட்டு கட்டி, "நௌன்னா ஆளு பேரு, எடத்துப் பேரு, பொருள் பேரு"ன்னு மனப்பாடம் பண்ணிக்கினு வந்துட்ட. ரொம்ப சரி. பால்குடி மறக்கறதுக்கு முன்னாடியே நீ "ஆயா"ன்ன, "தண்ணி"ன்ன, "மீனு"ன்ன. அன்னிக்கே முடிஞ்ச பாடத்துக்கு இப்பதான் ரசீது வாங்கிக்கினு வந்துகீற. நல்லா இருப்ப.

நௌன்னா நம்ம பெயர்ச்சொல்தான். நன்னூல் அத்த ஆறா பிரிச்சுது: பொருள், எடம், காலம், சினை, குணம், தொழில். உன் புக்குல அஞ்சு. ஒண்ணு கம்மியா குடுத்துட்டு ஃபீஸ் மட்டும் ஜாஸ்தி வாங்கினாங்களேன்னு கேக்காத. அவங்க பிரிச்ச விதம் வேற.

மொதல்ல சிறப்புப் பேரு. ராயபுரத்துல பொறந்துட்டு இங்கிலீஷுக்கு பயப்படலாமா நீ? பீட்டரத்தான் தமிழ்ல ராயப்பர்னு சொல்றாங்க, அவரு பேருல வந்ததுதான் ராயபுரம்னு சொல்லுவாங்க. பீட்டர் உடறது நம்ம ஊரு சொத்து. இங்கிலீஷ்ல அந்தப் பேருக்குப் பெரிய எழுத்து போடணும். அங்கதான் நம்ம பசங்க மார்க்க உடறாங்க. தமிழ்ல காமராஜருக்கும் அதே 'கா', காக்காவுக்கும் அதே 'கா'. நம்ம எழுத்துக்குப் பெரியவன் சின்னவன் தெரியாது. இங்கிலீஷ்ல காமராஜருக்குப் பெரிய 'கே', காக்காவுக்குச் சின்ன 'சி'.

எண்ணூர் துறைமுகம் 2001-ல வேலைய ஆரம்பிச்சுது. 2014-ல காமராஜர் துறைமுகம்னு பேரு மாத்துனாங்க. சும்மா 'போர்ட்'னு எழுதுனா சின்ன 'பி'. காமராஜர் பின்னாடி வந்து நின்னுச்சுன்னா அந்த 'பி'யும் பெருசாயிடும். பெரிய மனுஷன் பின்னாடி நிக்கிறவனும் பெரிய மனுஷன் ஆவறது அரசியல்ல மட்டும் இல்ல நைனா, கிராமர்லயும் கீது.

இன்னொரு கூத்து கேளு. 1946-ல திருவொத்தியூர்ல ஒரு கொட்டாயில மாம்மன் மாப்பிள்ளைன்னு ஒருத்தர் பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சாரு. அதுதான் பின்னால மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. ரப்பர் ஒரு பொருளு, ஃபேக்டரி பொதுப் பேரு. முன்னாடி மெட்ராஸ் வந்து குந்துன ஒடனே மூணும் சேந்து சிறப்புப் பேரு ஆயிட்டு, எம்.ஆர்.எஃப்.னு சுருங்கி கிரிக்கெட் மட்டையில ஏறிடுச்சு. 1948-ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்ச ரகுநந்தன் சரண், பையன் பேரத்தான் கம்பெனிக்கு வெச்சாரு. வீட்டுல கூப்புட்ட பேரு, லேலண்டையும் சேத்துக்கினு இப்ப பஸ்ஸு மூஞ்சியில ஓடுது. 1955-ல என்ஃபீல்டு இந்தியா வந்துச்சு. 'புல்லட்'னு சின்ன எழுத்துல எழுதுனா தோட்டா, பெருசா எழுதுனா அவங்க வண்டி. ரெண்டும் காச கரைக்கும்.

கூட்டப் பேரு சுளுவு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போவக்கூடாது. அப்ப காசிமேட்டுல வரிசையா கட்டி நிக்குதே போட்டுங்க, அத்தினிக்கும் சேத்து 'ஃப்ளீட்'னு ஒத்தப் பேரு. பின்னாடி 'இஸ்'தான் போடணும். ஊருக்குள்ள ஒத்துமை இல்லன்னாலும் பேர்ல ஒருமை.

இப்பதான் மெயின் சரக்கு. ஹார்பர்ல டாலி எழுதுன கை நைனா இது. மூட்டை, பொட்டி, காருன்னு எறங்கினா ஒண்ணொண்ணா கோடு போடுவோம். நாலு கோடு, குறுக்க ஒரு கோடு, அஞ்சு. இங்கிலீஷ்ல இதுங்க எண்ணற பேரு. முன்னாடி 'ஏ' போடலாம், பின்னாடி 'எஸ்' போடலாம். நிலக்கரி வந்தா? எந்தக் கிளார்க்கும் துண்டு துண்டா எண்ண மாட்டான். கப்பல் ஒடம்புல அளவுக்கோடு போட்டிருக்கும். சரக்கு இருக்கச் சொல்ல எவ்ளோ முழுவிகீது, எறக்கினப்புறம் எவ்ளோ மேல வந்துச்சுன்னு பாத்து டன் கணக்கு போடுவாங்க. ட்ராஃப்ட் சர்வேன்னு அதுக்குப் பேரு. எண்ண முடியாத பேருங்க அல்லாமே நிலக்கரிதான். மணலு, ஐஸு, டீசலு எதுவும் 'ஏ'வுக்கும் 'எஸ்'ஸுக்கும் மசியாது. டன்னையோ லிட்டரையோ தொணைக்குக் கூப்புடணும்.

எண்ணூர்னு பேரு வெச்சுக்கினு எண்ண முடியாம நாங்க முழிச்சதும் உண்டு. 2017 ஜனவரி 28-ந் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பலு மோதி எண்ணெ ஊத்திக்கிச்சு. மொதல்ல ஒண்ணும் பெருசா இல்லன்னாங்க. அப்பறம் டன்னு ஏறிக்கினே போச்சு. கரையில எறங்குன பசங்க பக்கெட்டால அள்ளினாங்க. எண்ணெ எண்ண முடியாத பேரு, பக்கெட்டு எண்ணற பேரு. கிராமர் புக்கு அன்னிக்கு எர்ணாவூர் கரையில தெறந்து கெடந்துச்சு.

கப்பல்னு சொன்னதும் ஞாபகம் வருது. வெள்ளக்காரன் கப்பல 'அவ'ன்னுதான் சொல்லிக்கினு இருந்தான். 1734-ல இருந்து வர்ற லாய்ட்ஸ் லிஸ்ட் பத்திரிகை 2002-லதான் இனிமே 'அது'ன்னு போடறோம்னுச்சு. நம்ம தமிழ்ல மனுஷங்க உயர்திணை, கப்பலு அஃறிணை, கணக்கு சுத்தம். ஆனா நம்ம தெருவுல பொண்டாட்டிய "அது எங்க போச்சு"ன்னு கேக்கறோம். அவன் இரும்ப பொம்பள ஆக்கினான், நாம பொம்பளய இரும்பாக்கினோம். ஆயா காதுல உழுந்துடப் போவுது, மெதுவா படி.

எது நௌன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? அர்த்தத்த நம்பாத. 'ஃபிஷ்'னா மீனு, 'ஃபிஷ்'னா மீன் புடி. 'நெட்', 'ஷிப்', 'டாக்', 'ஆங்கர்' அல்லாம் இதே கேசுதான். முன்னாடி 'தி' வந்து நின்னா பேரு, காலம் காட்டுனா வேலை. தமிழ்ல இந்த பேஜாரு கம்மி. வலையை, வலையால, வலைக்குன்னு வேற்றுமை உருபு ஒட்டினா பேரு, முடிஞ்சுது. "பூனை மீனைத் தின்னுச்சு", "மீனைப் பூனை தின்னுச்சு", எப்படித் திருப்பிப் போட்டாலும் பூனைக்குத்தான் வயிறு ரொம்பும். இங்கிலீஷ்ல எடத்த மாத்திப் பாரு, மீனு பூனையத் தின்னுட்டு ஏப்பம் உடும். அங்க நிக்கிற எடந்தான் அதிகாரம். இத்தத் தெரிஞ்சுக்கினா பாதி கிராமர் முடிஞ்சுது.

கடைசியா அருவப் பேரு. கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, மோந்து பாக்க முடியாதுன்னு உன் புக்குல போட்டிருப்பான். 'டெவலப்மெண்ட்' அதுல சேத்தி, ஒத்துக்கறேன். 'பொல்யூஷனை'யும் அதுலயே சேத்திருக்கான் பாரு, அவன கூட்டினு வந்து மணலி பக்கம் ஒரு ராத்திரி படுக்க வெச்சுட்டு, அப்பறம் எழுதச் சொல்லு.

'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'இன்ஃபர்மேஷன்', இதுங்க பின்னாடியும் 'எஸ்' போட்டுடாத, மார்க்கு பூடும். 'அட்வைஸ்'ஸும் எண்ண முடியாத பேருதான். ஏன்னு உனக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். 'டீ'யும் எண்ண முடியாததுதான், ஆனா கடையில போயி 'டூ டீஸ்'னா வெள்ளக்காரனே குடுப்பான். போயி அப்படியே கேளு. துட்ட நீ குடு, ரெண்டுல ஒண்ணு எனக்கு.