சுறாப்புட்டு தின்னவனுக்குச் சுறா பயமா?

ஏண்டா பேராண்டி, அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு, ஆபீசுல லீவும் சொல்லியாச்சு. இப்ப வந்து, "தாத்தா, முக்குளிக்கப் போற எடத்துல சுறா இருக்குமாமே"ன்னு கையைப் பிசையிற. இருக்கத்தான் இருக்கும். கடலுக்குள்ள கோத்தகிரி காட்டெருமையா மேயும்?

நீ பொறந்து வளந்த மலையைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு. காலையில லயத்துக் கதவைத் தொறந்தா தேயிலைக்கு நடுவுல ஒரு டன் எடையில காட்டெருமை நிக்குது. ராத்திரி கரடி வந்து கோயில் கதவைப் பேத்து, வெளக்குல இருக்குற எண்ணெயை நக்கிட்டுப் போகுது. இதுக்கு நடுவுல காதுல பாட்டை மாட்டிக்கிட்டு இருட்டுல புரோட்டா வாங்கப் போற வீரன் நீ. ஒனக்குச் சுறாவைக் கண்டா தொடை நடுங்குதாக்கும்!

எல்லாம் படம் பாத்து வந்த வெனை. 1975ல 'ஜாஸ்'னு ஒண்ணு எடுத்து, பாத்தவனையெல்லாம் கடல்ல கால் நனைக்க விடாமப் பண்ணிட்டான். அந்தக் கதையை எழுதின பீட்டர் பெஞ்ச்லியே பின்னாடி சுறாவைக் காப்பாத்துங்கன்னு பேசிக்கிட்டு அலைஞ்சாரு. எழுதினவருக்குத் தெளிஞ்சிருச்சு, ஓசியில பாத்த ஒனக்கு இன்னும் தெளியல.

கணக்கைக் கேளு. சீண்டாமலே சுறா மனுசனைக் கடிக்கிறது ஒலகம் பூராவும் வருசத்துக்கு 70 தடவைக்குப் பக்கம். அதுல சாகுறது பெரும்பாலும் 10 பேருக்குள்ள. நம்ம நாட்டுல மட்டும் பாம்பு கடிச்சு வருசத்துக்கு 50,000 பேருக்கு மேல போறாங்க. நீ வெறுங்காலோட கொழுந்துக்காட்டுல சுத்துற. மனுசன் கொல்லுற சுறா வருசத்துக்குச் சுமார் 10 கோடியாம். போன பொங்கலுக்குச் சுறாப்புட்டை வழிச்சு வழிச்சுத் தின்னியே, யாரு யாரைக் கடிச்சதுன்னு பஞ்சாயத்து வெச்சா நீதான்டா குத்தவாளி.

மன்னார் கடல்ல முத்துக் குளிச்ச காலத்துல 'கடல்கட்டி'ன்னு ஒருத்தரு இருப்பாரு. மந்திரம் போட்டுச் சுறா வாயைக் கட்டுறதுதான் அவருக்கு வேலை. எடுக்குற முத்துல இருபதுல ஒரு பங்கு மந்திரக்காரங்களுக்குன்னு மார்க்கோ போலோ எழுதி வெச்சிருக்காரு. பொழுது சாஞ்சா கட்டை அவுத்து விட்ருவாங்களாம், ராத்திரியில எவனும் திருட்டு முத்து எடுக்க எறங்கக் கூடாதே! சுறாவுக்கும் பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு. அப்புறம் வந்த வெள்ளைக்காரத் தொரைமாரும் கடல்கட்டிக்குக் கூலி குடுத்தாங்க. மந்திரத்தை நம்பியா? அவரு வந்து நிக்கலேன்னா ஒருத்தனும் தண்ணியில எறங்க மாட்டான். அந்தாளு எதைக் கட்டுனாருன்னு இப்பப் புரியுதா?

இலங்கைத் தோட்டத்துத் தமிழாளுங்களை இந்தியாவுக்கு அனுப்புறதுக்கு 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துல நானும் தலைமன்னார்ல கப்பலேறி அதே கடலைத் தாண்டி வந்தவன்தான். ராமேஸ்வரத்துல எறங்கினா சோத்துக்கு என்ன வழிங்கிற கவலையில, சுறாவை நெனைக்க எங்களுக்கு ஏது நேரம்?

சரி, ஒனக்கு மந்திரம் வேண்டாம், வெவரம் சொல்றேன். சுறாவோட மூக்கைச் சுத்திப் பொடிப்பொடியா குழி இருக்கும். மணலுக்குள்ள பதுங்குன மீனோட ஒடம்புல ஓடுற துளி மின்சாரத்தைக்கூட அதை வெச்சே கண்டுபிடிச்சிரும். தண்ணியில ஏற்படுற அதிர்வும் அதுக்குத் தெரியும். நீ காலை உதறிக் கத்துனா, அடிபட்ட மீனோன்னு பாக்க வரும். அதனால பதறாத. விடியலும் அந்தியும், கலங்கல் தண்ணியும், மீன் பிடிக்கிற எடமும் வேண்டாம். பளபளக்குற செயினைக் கழட்டி வெச்சிட்டுப் போ. சுறா கிட்ட வந்தா முதுகைக் காட்டாம, அதைப் பாத்துக்கிட்டே மெதுவா பின்னால போ. பவளப்பாறைச் சுறா முதுகை வளைச்சு, பக்கத்துத் துடுப்பைக் கீழ தாழ்த்தி நீந்துச்சுன்னா, 'எடத்தைக் காலி பண்ணு'ன்னு அர்த்தம். காட்டெருமை சீறித் தலையைத் தாழ்த்துனா நாம ஒதுங்கிப் போறதில்லையா, அது மாதிரிதான். அப்பவும் செல்பி எடுப்பேன்னு நின்னா, என்னை எதுவும் கேக்காத.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்ல. அந்தமான்ல உப்புத்தண்ணி மொதலை உண்டு. மொதலை இருக்குன்னு பலகை நட்ட கரையில முழங்கால்கூட நனைக்காத. மத்த எடத்துல, கூட வர்ற முக்குளிப்பு வாத்தியார் சொல்றதைக் கேட்டு தைரியமா எறங்கு. திரும்பி வரும்போது கருவாடு வாங்கிட்டு வா. சுறா மட்டும் வேண்டாம், அதுங்க பொழைச்சுப் போகட்டும்.