கடல் தெரியும் குடித்தனம்

மத்தியதரைக் கடலோரத்தில் வில்லா வாடகைக்கு எடுக்கிறவர்கள் எல்லாரும் ஓய்வெடுக்கப் போவதாகத்தான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். போய் நடத்துவது என்னவோ இன்னொரு குடித்தனம். எந்தக் குழாயில் என்ன வரும், எந்த ஸ்விட்சைத் தட்டினால் எது அணையும், குப்பையை எங்கே கொட்டுவது என்று ஒன்றுமே தெரியாத வீட்டில், சொந்தக் காசு கொடுத்து, இரண்டு வாரம்.

ஸ்பெயினின் தென்கரையில், மாலகாவிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் நெர்ஹா வரும். ஒரு காலத்தில் மீனும் கரும்பும் பிழைப்பாக இருந்த ஊர். இப்போது வெயில்தான் பிழைப்பு. அந்த வெயிலைத் தேடிக் கோடையில் இங்கிலாந்துக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். அதில் ஒரு குடும்பத்தைப் பின்தொடர்வோம். கணவர், மனைவி, கைப்பேசியிலிருந்து தலை நிமிராத வயதில் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். பெயர் வேண்டாம், யார் வந்தாலும் நடப்பது கிட்டத்தட்ட இதுதான்.

விமான நிலையத்தில் வாடகைக் கார். கியர் மாற்ற இடது கையை நீட்டினால் கதவு தட்டுப்படுகிறது. ஊர் போய்ச் சேருவதற்குள் கணவர் கதவை நாற்பது தடவை மூன்றாவது கியரில் போட்டிருப்பார்.

விளம்பரத்தில் 'கடல் தெரியும் வில்லா' என்று இருந்தது. அது பொய்யில்லை. கடல் தெரிய வேண்டுமென்றால் வீடு மேட்டில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்கள். நெர்ஹாவின் முதுகுக்குப் பின்னால் அல்மிஹாரா மலைத்தொடர் எழும்பி நிற்கிறது. ஊரைப் பார்த்தபடி இருக்கும் சிகரத்துக்கு 'எல் சியேலோ' என்று பெயர். வானம் என்று அர்த்தம். உயரம் 1,508 மீட்டர். வில்லா அவ்வளவு மேலே இல்லைதான். ஆனால் பால் பாக்கெட்டும் தர்பூசணியும் தூக்கிக்கொண்டு ஏறி வருகிற மாமியாருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மேஜைமேல் ஒரு தடித்த கோப்பு. எல்லா வில்லாவிலும் இது உண்டு. நீச்சல் குளத்தருகே கண்ணாடி டம்ளர் கூடாது, இரவு பதினொன்றுக்கு மேல் குதிக்கக் கூடாது, ஏசி ஓடும்போது ஜன்னல் திறக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக. வந்த அன்று அதைப் படிக்கிறவர் யாருமில்லை. மூன்றாம் நாள் எல்லாரும் படிக்கிறார்கள், தலையில் கை வைத்துக்கொண்டு.

முதல் பலி மாமியார்தான். குளியலறையில் இரண்டு குழாய்கள். ஒன்றில் 'சி', இன்னொன்றில் 'எஃப்'. அறுபது வருட அனுபவத்தில் 'சி' என்றால் குளிர்ந்த தண்ணீர். ஸ்பானிய மொழியிலோ 'காலியென்தே' என்றால் சூடு, 'ஃப்ரியோ' என்றால் குளிர். அவர் போட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள், 'சி' என்றால் வெந்நீர் என்று குடும்பமே மனப்பாடம் செய்து முடித்த நேரத்தில், வெந்நீர் நின்றது. கணவர் தலை முழுக்க ஷாம்பு நுரையோடு நிற்கிறார். மேலே விழுவது ஐஸ் தண்ணீர்.

காரணம் சாதாரணமானது: கேஸ் தீர்ந்துவிட்டது. ஸ்பெயினில் இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் வெந்நீர்க் கொதிகலன் ஓடுவது சிலிண்டரில். நம் ஊர்ச் சிலிண்டர் சிவப்பு, 14.2 கிலோ, அங்கே ஆரஞ்சு நிறம், 12.5 கிலோ, 'போம்போனா' என்பார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் வழியே கேஸ் வந்துவிடுவதால், இந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சிலிண்டரைத் தொட்டதில்லை. இடுப்பில் துண்டோடு பின்கட்டுக்கு ஓடினார். அங்கே இரண்டு சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எது காலி, எது முழுசு? மதுரையிலோ மன்னார்குடியிலோ எந்த அம்மாவைக் கேட்டாலும் லேசாக அசைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். இவர் கோப்பை எடுத்துவரச் சொன்னார். பதினேழாம் பக்கத்தில் அம்புக்குறி போட்ட படம் இருந்தது. ரெகுலேட்டரின் வளையத்தைத் தூக்கி, வால்வில் வைத்து அழுத்தி, ஒரு 'டக்' சத்தம் கேட்க வேண்டும். நம் வீடுகளில் அரை நிமிட வேலை. அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த 'டக்' கேட்டபோது நுரை காய்ந்து தலைமுடி விறைத்து நின்றது. பிள்ளைகள் முதல் தடவையாகக் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினார்கள், படம் எடுக்க.

காலிச் சிலிண்டரைக் கொடுத்து வேறு வாங்கலாம் என்று மத்தியானம் இரண்டரைக்குக் கிளம்பினால் சின்னக் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கியிருந்தன. ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். "இதென்ன சோம்பேறித்தனம்!" என்றார். குற்றம் ஊர்க்காரர்கள் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல். நெர்ஹா லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. ஆனால் லண்டனிலிருந்து வருகிறவர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்! 1940-ல் ஃபிராங்கோ ஆட்சி ஸ்பெயினை ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியது. அதற்கப்புறம் யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. அதனால் கோடையில் அங்கே உச்சிவெயில் அடிப்பது கடிகாரப்படி இரண்டேகால் மணிக்கு. இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் சூரியக் கணக்கில் கிட்டத்தட்டப் பன்னிரண்டுக்குத்தான் சாப்பிடுகிறார். ஜூன் கடைசியில் ஒன்பதரை தாண்டித்தான் பொழுது சாயும். ராத்திரிச் சாப்பாடு அதற்குப் பிறகு. ஏழு மணிக்கே பசியோடு போய் உட்காருகிற இங்கிலாந்துக் குடும்பத்தைப் பார்த்து, வெயிட்டர் நாற்காலியைக்கூட இன்னும் இறக்கிப் போடாமல் நிற்பார்.

கடலுக்கும் போனார்கள். மத்தியதரைக் கடல் என்றால் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது பலர் நம்பிக்கை. ஆனால் ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியாக அட்லாண்டிக்கின் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வருகிற வழியிலேயே இந்தக் கரை இருக்கிறது. குளியலறைப் பயிற்சி கைகொடுத்தது. கணவர் மட்டும் அலறாமல் இறங்கினார்.

கரையில் கிடைத்ததுதான் விடுமுறையின் நிஜமான சுகம். மணல் நிரப்பிய பழைய படகில் விறகுத் தணலைக் கூட்டி, நம் ஊரில் மத்தி என்றும் சாளை என்றும் சொல்கிற மீனை நாணல் குச்சியில் வரிசையாகக் கோத்து, தணலுக்குப் பக்கத்தில் சாய்த்துக் குத்தி வைக்கிறார்கள். கல்லுப்பு தவிர வேறொன்றும் இல்லை. தோல் வெடித்து எண்ணெய் சொட்டும்போது எடுத்துக் கொடுக்கிறார்கள், கையால்தான் தின்ன வேண்டும். 'எஸ்பெத்தோ' என்று பெயர். பக்கத்து மலைக் கிராமமான ஃபிரிஹிலியானாவில் இன்றும் கரும்புப்பாகு காய்ச்சும் ஆலை ஒன்று ஓடுகிறது. அந்தப் பாகை வறுத்த கத்தரிக்காய் மேல் ஊற்றித் தருகிறார்கள். கத்தரிக்காய்க்கு இனிப்பா என்று முகம் சுளிக்கிறவர்கள் இரண்டாவது தட்டுக்குக் கை காட்டுவார்கள். மாமியார் மூன்றாவதற்குக் காட்டினார்.

சாயங்காலங்களில் எல்லாரும் 'ஐரோப்பாவின் பால்கனி' என்ற பாறை முனைக்குப் போகிறார்கள். 1884 கிறிஸ்துமஸ் அன்று வந்த பெரிய பூகம்பத்துக்குப் பிறகு, சேதம் பார்க்க 1885-ல் வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ வைத்த பெயர் என்பார்கள். கம்பியில் கை ஊன்றி அவர் வெண்கலத்தில் நிற்கிறார். பூகம்பம் பார்க்க வந்தவர் தோளில் ஐஸ்கிரீம் கையைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள். 1959-ல் ஐந்து பையன்கள் கண்டுபிடித்த குகையும் ஊருக்கு வெளியே இருக்கிறது. உள்ளே 32 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புத் தூண். வில்லாவில் பாத்திரம் கழுவும் இயந்திரம் அடைத்துக்கொண்டதால் அதைப் பார்க்க நேரமில்லாமல் போயிற்று.

கடைசி நாள். பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும், விமானம் ராத்திரி. ஆறு மணிக்கே எழுந்து ஐந்து பேரும் கூட்டித் துடைத்தார்கள். சமையலறை அலமாரியில் முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன ஆறு உப்புப் பாக்கெட்டுகள் இருந்தன. தாங்கள் வாங்கியதை ஏழாவதாக வைத்தார்கள்.

வாசலில் விருந்தினர் புத்தகம். கணவர் பேனாவை எடுத்துக்கொண்டு முந்தைய பக்கங்களைப் புரட்டினார். 'அருமையான ஓய்வு', 'சொர்க்கம்', 'மறுபடி வருவோம்'. குழாயைப் பற்றி ஒருத்தர் எழுதியிருக்க வேண்டுமே! இரண்டாவது சிலிண்டரைப் பற்றி? ஒரு வரி இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் 'அருமையான ஓய்வு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.